தம்பி ரத்தம் கொடுக்க வேண்டாம் என்றேன்

இது நடந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கோழிப்பண்ணை இருக்கிறது. பண்ணைக்குள்ளேயே என் தம்பியின் வீடு. அந்த வீட்டிலும், சேலத்தில் ஒரு டாக்டரின் அறையிலும் நடந்த விஷயம் இது. எங்கள் வீட்டுக்காரரிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். அப்படியும் தெரியவில்லை, பார்ப்போம்.

முதலில் என்னைப் பற்றி. அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்பா போனபோது தம்பி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். என்னை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்ததால் பண்ணையோடு தம்பியும் என் பொறுப்புக்கு வந்தான். எங்கள் வீட்டுக்காரருக்கு லாரித் தொழில், மாசத்தில் பாதி நாள் ரோட்டில்தான். ஆகவே தீவனம் இறக்குவதிலிருந்து முட்டை லாரி ஏற்றுவது வரைக்கும் நான் சொன்னதுதான் நடக்கும். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் இருபது வருஷம் ஓட்டியவளுக்கு வாய் எப்படி இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். ஊரில் ஒரு விசேஷம் என்றால் என்னைப் பக்கத்தில் உட்கார வைக்கவும் பயம், தள்ளி உட்கார வைக்கவும் பயம்.

குஞ்சு பார்ப்பதில் எனக்கு நல்ல பேர். ஒரு நாள் வயசுக் குஞ்சுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் நாலைந்தை எடுத்து மல்லாக்கப் போட்டுப் பார்ப்பேன். திடமான குஞ்சு அடுத்த நொடியே புரண்டு எழுந்து நின்றுவிடும். காலை உதைத்துக்கொண்டு அப்படியே கிடக்கிற குஞ்சு நிறைய இருந்தால், பொரிப்பகத்துக்கு போன் போட்டுவிடுவேன். தாய்க்கோழிக்கு என்ன வயசு, போன தடவை எங்கே கொடுத்தீர்கள், அங்கேயும் இப்படித்தானா என்று குடைந்து எடுப்பேன். முக்கால்வாசி நேரம் குறை தாய்க்கோழிக் கூட்டத்தில்தான் இருக்கும். அவர்களும் ஒப்புக்கொண்டு வேறு குஞ்சு அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் கோழி வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்த கணக்கு. மனுஷருக்கும் அதே கணக்கைப் போட்டதுதான் நான் செய்த தப்பு.

தம்பிக்கு வாழப்பாடிப் பக்கம் பெண் எடுத்தோம். மரவள்ளியும் பாக்கும் வைத்திருக்கிற குடும்பம். பெண் காலேஜ் முடித்தவள், அதிகம் பேசமாட்டாள். எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட அவளுக்கு வராது. அந்தப் பக்கத்துப் பேச்சு அப்படி. நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு மாசம் கழித்து அவளும் 'ஆமாங்க, சரிங்க' என்று பழகிக்கொண்டாள். அப்புறம் அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

அவள் மாசமாக இருந்தபோது ஏழாம் மாசத்தில் ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணி, அஞ்சாம் மாசத்துல நல்லா உதைச்சுது. இப்ப அசைவே கம்மியாத் தெரியுது" என்றாள். நான் முட்டை அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். "நீ சும்மா உக்காந்திருந்தா அதுவும் சும்மாத்தான் இருக்கும் அம்மிணி, எந்திரிச்சு நாலு வேலை பாரு" என்றேன். கூட வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்க முயற்சி பண்ணினாள். அதற்குப் பிறகு வயிற்றுப் பிள்ளையைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

தாய் வீட்டில் பிரசவமாகி, நாலாம் மாசம் குழந்தையைக் கூட்டி வந்தார்கள். பையன். வாசலில் ஆரத்தி எடுத்து முடித்து நான்தான் முதலில் தூக்கினேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் எந்தக் குழந்தையும் தோளை இறுக்கிக்கொண்டு நிற்கும். இவன் என் கைக்குள்ளிருந்து வழுக்கிக் கீழே இறங்கினான். சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டேன். தலை நிற்கவில்லை. காலும் கையும் துணி போலத் தொங்கின. தாய்ப்பால் இழுக்கத் தெம்பில்லாமல் பாலாடையில்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். ஆனால் கண் மட்டும் அவ்வளவு சுறுசுறுப்பு. என் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய அப்பா அம்மா, சித்தி சித்தப்பா எல்லோரும் சீர்த் தட்டுகளோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பங்காளிகளும் இருந்தார்கள். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் சொன்னேன்: "குஞ்சு சரியில்லைன்னா தாய்க்கோழியத்தான் பாக்கோணும்."

நிதானமாகத்தான் சொன்னேன். கோபத்தில் வாய் தவறியது என்று இன்றைக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. அவளுடைய அம்மா கையில் இருந்த பழத்தட்டைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அவள் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

அத்தோடு விட்டேனா? இல்லை. வாழப்பாடிச் சந்தைக்குப் போகிற சாக்கில் அவள் சொந்தக்காரர்களைப் பற்றி விசாரித்தேன். அவளுடைய சித்தப்பா மகன் ஒருவன் காலைச் சாய்த்து நடப்பான் என்று தெரிந்தது. சின்ன வயசில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது என்றும் கூடவே சொன்னார்கள். நான் முதல் பாதியை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தேன். "அந்தக் குடும்பத்துலயே கால் கை விளங்காதவங்க இருக்கறாங்களாம்" என்று கிட்டத்தட்ட நாற்பது வீட்டிலாவது சொல்லியிருப்பேன்.

குழந்தைக்கு எட்டு மாசம் ஆனபோது சேலத்தில் ஒரு டாக்டரிடம் போகச் சொன்னார்கள். பரம்பரை நோய்களுக்கென்று தனியாகப் படித்தவர். என் மகளைவிட நாலைந்து வயசுதான் மூத்தவராக இருப்பார். குழந்தையின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் வரச் சொன்னார். அன்றைக்குப் பார்த்துப் பண்ணையில் புதுக்குஞ்சு இறங்குகிற நாள், தம்பி வரமுடியவில்லை. அவளும் நானும் குழந்தையுமாகப் போனோம்.

டாக்டர் சொன்னதில் அன்று என் காதில் விழுந்தது பாதிதான். மீதியைப் பிற்பாடு பல தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகை இழைகள் இருக்கின்றனவாம். ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி இழுத்தால்தான் கை மடங்கும், கழுத்து நிற்கும், மூச்சு ஏறி இறங்கும். அதில் ஓர் இழை ஆக்டின் என்கிற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்கிற குறிப்பு உடம்பின் ஒரு மரபணுவில் இருக்கிறது. குழந்தைக்கு அந்தக் குறிப்பில் ஒரே ஓர் இடத்தில் மாற்றம். அதனால் இழை இருக்கிறது, இழுக்கத் தெம்பில்லை.

இதயம் எப்படி இருக்கிறது என்று அவள் பயந்து பயந்து கேட்டாள். இதயம் திடமாக இருக்கிறது என்றார் டாக்டர். இதயத் தசைக்கு ஆக்டின் வேறு, அதைச் செய்கிற மரபணுவும் வேறு, அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார். வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் அசைவு எப்படி இருந்தது?

அவள் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். ஐந்தாம் மாசம் நன்றாக இருந்தது, ஏழாம் மாசத்திலிருந்து குறைந்துவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டார். கரு வளர ஆரம்பிக்கும்போது கை கால் தசைகளும் பெரும்பாலும் இதயத்து ஆக்டினை வைத்துத்தான் வேலை செய்யுமாம். மாசம் ஏற ஏற அந்த மரபணுவை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிவிட்டு, தசைக்கென்று இருக்கிற மரபணுவைத் திறந்துவிடுமாம். எதை எப்போது திறப்பது, எதை எப்போது மூடுவது என்று பார்த்துக்கொள்வதற்கென்றே வேறு புரதங்கள் இருக்கின்றனவாம். "இவனுக்கு அப்படி மாறின பிறகு அசைவு குறைஞ்சிருக்கலாங்க. நீங்க கவனிச்சது சரியாத்தான் இருக்கும்" என்றார் அவளிடம். எனக்கு முட்டை அட்டையும் பெண்களின் சிரிப்பும் ஞாபகம் வந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாற்றம் வழிவழியாக வந்ததா, இல்லை புதிதாக ஏற்பட்டதா என்று சொல்ல அம்மா, அப்பா இருவருடைய ரத்தமும் வேண்டும், அடுத்த குழந்தைக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவது நல்லது என்றார். அவள் உடனே கையை நீட்டினாள். தம்பியை வேறொரு நாள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தோம். 'புதிதாக' என்று அவர் சொன்னது எனக்கு ஏறவே இல்லை. தாயிடமோ தகப்பனிடமோ இல்லாதது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா? இப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு போன் வந்தது. நான் ஷெட்டுக்குள் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்று, "அண்ணி, எங்கிட்ட இல்லையாம்" என்றாள். அவ்வளவுதான். 'இப்போது என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்க அவளுக்கு முழு உரிமை இருந்தது. கேட்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

என் கணக்குப்படி தாய்க்கோழியிடம் இல்லை என்றால் மீதி இருப்பது ஒன்றுதான். தம்பி. தம்பியின் ரத்தம் என்றால் என் ரத்தம். என் ரத்தம் என்றால் என் மகளின் ரத்தம். அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டாரும் வந்துபோய், உறுதி வார்த்தை பேசி நிச்சயம் பண்ண நாள் பார்க்கிற நேரம். 'பொண்ணோட அம்மா வீட்டுப் பக்கம் வம்சத்திலேயே குறை' என்று ஒரு வார்த்தை போனால் போதும். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வேகமாகப் போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டேன். "சாமி, நீ அந்த ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கப் போகாதே" என்றேன்.

"டாக்டர் கேட்டாங்களாமே அக்கா."

"கேப்பாங்க. உன்ற உடம்புல ஒண்ணு கிடக்குதுன்னு எழுதிக் கொடுத்தா அக்கா மவளுக்குக் கல்யாணம் நடக்குமா? இருக்கறவனுக்கு வைத்தியம் பாரு. யாருக்கிட்ட இருந்து வந்துதுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?"

யாரிடமிருந்து வந்தது என்று வாழப்பாடி வரைக்கும் போய்த் துருவியவள்தான் இதைக் கேட்டேன். தம்பிக்கும் அது தோன்றியிருக்கும். ஆனால் அவன் என்னை எதிர்த்துப் பழகவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவளிடம் அந்தக் குறை இல்லை என்று தெரிந்துவிட்டதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. நாற்பது வீட்டிலும் குற்றவாளி அவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலு மாசம் போனது. அவள் மறுபடியும் மாசமானாள்.

எனக்குத் தெரிந்தது இரண்டாம் மாசத்தில். அவர்களாகத் திட்டமிட்டது இல்லை, நடந்துவிட்டது. பையனை மடியில் கிடத்தி, கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, ஒரு வாய் கஞ்சிக்கு ஐந்து நிமிஷம் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நான் நின்றேன். இதே மாதிரி இன்னொன்றையும் பெற்று வைத்தால் யார் பார்ப்பது, கலைத்துவிடலாமே என்று கேட்டேன். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவளிடம் அதற்கு ஒரு வழியும் இருந்தது.

"அண்ணி, அவரு ஒரே ஒரு தடவை ரத்தம் கொடுத்தாப் போதும். இருபது நாள்ல தெரிஞ்சிடும். அவருகிட்ட இருக்குன்னு வந்துதுன்னா நீங்க சொல்றதைக் கேக்கறேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க" என்றாள்.

இருபது நாள்தான் கேட்டாள். தள்ளித் தள்ளிப் போன மகளின் உறுதி வார்த்தை அதற்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு காகிதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் கல்யாணம் அதோடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். முடியாது என்றேன். தம்பி கதவருகில் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பையனைப் பார்த்தேன். அவன் வாயோரத்தில் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. "இதைப் பாத்துமா யோசிக்கறீங்க?" என்று கேட்டேன். நான் பேசியதிலேயே அதுதான் மோசமான பேச்சு. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும்.

சேலத்து டாக்டரிடம் போகவிடவில்லை. போனால் அவர் தம்பியின் ரத்தத்தைக் கேட்பார். பக்கத்து ஊரில் வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா அவளைத் தனியாக உட்கார வைத்து, உனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். மூத்தவனுக்கு இப்படி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பையனை மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எதிர்ச்சுவரில் குழந்தைப் படங்கள் போட்ட காலண்டர். அவன் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் கை கால் கழுவிக்கொண்டு, பையனின் பாலாடையை வெந்நீரில் அலசி, நேரம் ஆகிவிட்டது என்று ஊட்ட உட்கார்ந்தாள். நான் ஊட்டுகிறேன், படுத்துக்கொள் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். என்னிடம் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

என் மகள் கல்யாணம் தை மாசம் ஜாம் ஜாமென்று நடந்தது. சம்பந்தி வீட்டார் எங்கள் பண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அக்கா தம்பி ஒற்றுமையைப் புகழ்ந்தார்கள். அவள் பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினாள்.

அடுத்த மழைக்காலத்தில் பையனுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமி வெளியே தள்ள அவனிடம் தெம்பு இல்லை. சேலத்தில் சேர்த்து, மூச்சுக்கு மெஷின் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த நாட்களில் ஒரு நாள், தம்பி வராந்தாவில் தனியாக நின்றபோது அந்த டாக்டர் அவனைப் பார்த்து, இத்தனை நாளாக ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். அவன் அங்கேயே கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து என்னைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

முடிவு வந்ததும் மூன்று பேரும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. பையனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நானாகவே வண்டியில் ஏறிவிட்டேன். உண்மையில் பயத்தில் ஏறினேன். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

டாக்டர் சந்தோஷமாக இருந்தார். தம்பியிடமும் இல்லை என்றார். எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரிடமும் இல்லாமல் எப்படி வரும் என்று நான்தான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உயிர் உண்டாகும்போது அந்தக் குறிப்புகள் எல்லாமே பிரதி எடுக்கப்படுகின்றன. அவ்வளவு பெரிய வேலையில் எப்போதாவது ஓர் இடம் மாறிவிடும். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது. இவனுக்கு அது முக்கியமான இடத்தில் விழுந்துவிட்டது. இந்த நோயில் இப்படிப் புதிதாக வருவதுதான் அதிகம் என்றார். "அம்மா வழியும் இல்லைங்க, அப்பா வழியும் இல்லைங்க. யாரு மேலயும் தப்பே கிடையாது."

அப்புறம் காகிதத்தை மடித்துக்கொண்டே, "மறுபடி இதே மாதிரி வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவுங்க. நீங்க தாராளமா இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவள் பையனின் சாக்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"அப்ப போன வருஷம் உண்டானதும் நல்லாத்தான் இருந்திருக்குமா டாக்டர்?"

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். படித்தவர், புரிந்துகொண்டார். உறுதியாக யாராலும் சொல்ல முடியாது என்று ஆரம்பித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா இருந்திருக்கத்தாங்க வாய்ப்பு அதிகம்" என்றார்.

அழுதது அவள் இல்லை, தம்பி. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆம்பளை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் அவன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பையனின் தலை சாயாமல் தாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து வெளியே போகவும் தைரியம் இல்லை, அங்கே இருக்கவும் தகுதி இல்லை. இருந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் முடிந்ததைச் செய்தேன். நான் பேச்சை விதைத்த வீடுகளுக்குத் திரும்பப் போய், அந்தப் பெண் மேல் ஒரு குறையும் இல்லை, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். நாலைந்து வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். மற்ற இடங்களில், "அட விடுங்க, பழைய கதை" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். இன்னும் சில வீட்டில், நான் தம்பி பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று மெச்சிக்கொண்டார்கள். பொய்யைச் சொன்னபோது காது கொடுத்தவர்கள், உண்மையைச் சொன்னபோது சலித்துக்கொண்டார்கள். வாழப்பாடிக்குப் போய் அவளுடைய அம்மாவிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பகலில், அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, சுற்றி வளைக்காமல் கேட்டேன். நான் செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மகளின் கல்யாணத்துக்காகத்தான் தம்பியைத் தடுத்தேன் என்பதையும் சொன்னேன். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. "விடுங்க அண்ணி" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதைப் பற்றி என்னோடு பேச அவளுக்கு விருப்பம் இல்லை என்றுதான் அர்த்தம். வற்புறுத்தி ஒரு மன்னிப்பை வாங்கிக்கொள்கிற புத்தி எனக்கு இப்போது இல்லை.

பையனுக்குத் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டியிருப்பதால் சேலத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி வண்டியில் பண்ணைக்கு வந்து போகிறான். முன்பு எதற்கெடுத்தாலும் "என்னக்கா பண்ணலாம்" என்று கேட்பான். இப்போது முடிவு பண்ணிவிட்டு வந்து சொல்கிறான். அது நல்லதுதான், ஆனால் வலிக்கிறது. இன்னொரு குழந்தையைப் பற்றி அவர்கள் பேச்செடுக்கவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை.

பையனுக்கு இப்போது ஆறு வயசு நடக்கிறது. முதுகுக்குப் பட்டை கட்டினால் நாற்காலியில் உட்காருவான். நடக்க முடியாது. கையால் பென்சில் பிடிப்பான், கொஞ்ச நேரத்தில் களைத்துவிடும். புத்தி மட்டும் கத்தி. கூட்டல் கணக்கில் என்னை மடக்குவான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். நெஞ்சில் சளி தங்காமல் இருக்க முதுகில் எப்படித் தட்ட வேண்டும் என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையைக் குவித்து வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று நான் சொன்னால் அதுகூட என் வசதிக்காகச் சொல்வதாகிவிடும். மகனுக்கு வேண்டியதை அவள் செய்தாள், அவ்வளவுதான்.

ஊரில் இப்போதும் யாராவது வந்து, இந்த வீட்டில் பெண் எடுக்கலாமா, அந்தக் குழந்தைக்கு ஏன் அப்படி, யார் வழி என்று என்னிடம் கேட்பதுண்டு. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். வாயில் வராத அந்த வார்த்தையை ஐம்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் முன்னால் கற்றிருந்தால், அந்த இருபது நாள் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

பையனின் குரல் மெல்லியது, மூக்கால் வரும். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து "அத்தே" என்று கூப்பிடுவான். "வந்துட்டேன் சாமி" என்று ஓடிப்போகிறேன். அவனுக்குப் பின்னாலேயே இன்னொரு குரலும் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டிய வீடு அது என்று, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு உறைக்கிறது.